‘எல்லாம் சரி’ என்று சொன்ன ஸ்கிரிப்ட்: குழு உறுப்புரிமை விடுபட்ட ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரே ஒரு லினக்ஸ் சர்வர். அதில் பலரும் பகிர்ந்துகொள்ளும் ஓர் அடைவு (டைரக்டரி). பகலில் பதிவுப் பிரிவினர் அதில் கோப்புகளைப் போடுவார்கள். இரவில், பின்னணியில் ஓடும் ஒரு சேவை அவற்றைப் படித்து, காலைக்குள் ஒரு தொகுப்பறிக்கையை எழுதி வைக்கும். அந்தச் சேவை தனக்கென்று உள்ள ஒரு பயனரின் பெயரில்தான் ஓடும், எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கான ரூட்டாக ஓடாது.

அடைவின் உரிமையாளர் ரூட், குழு ‘வரவு’, அனுமதி 2770. (குழுக்களின் பெயர்களை இங்கே மாற்றியிருக்கிறேன். ஆனால் ஒரு பெயர் இன்னொன்றுக்குள் அடங்கியிருந்ததை அப்படியே வைத்திருக்கிறேன், காரணம் பின்னால் வரும்.) 770 என்றால் உரிமையாளருக்கும் குழுவுக்கும் எல்லாம் உண்டு, மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. முன்னால் நிற்கும் 2 என்பது, அடைவுக்குள் புதிதாக உருவாகும் கோப்பு அந்த அடைவின் குழுவையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கான பிட்.

இதையெல்லாம் கண்காணிக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருந்தது. நாங்கள் பொறுப்பேற்பதற்கு முன்பே யாரோ எழுதியது, நாற்பது வரி இருக்கும். தினமும் இரவு 2 மணிக்கு ரூட்டின் கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் வசதி) ஓடும். மூன்று வேலை செய்யும். முக்கியமான அடைவுகளின் அனுமதி எதிர்பார்த்தபடி இருக்கிறதா என்று பார்க்கும். ஒவ்வொரு பயனருக்கும், அவர் இருக்கும் குழுக்களைக் காட்டும் ‘ஐடி’ கட்டளையை ஓட்டி, அதன் வெளியீட்டில் குழுவின் பெயரை ‘கிரெப்’ கொண்டு தேடும். கடைசியாக, ‘டெஸ்ட்’ கட்டளையால் அடைவுகளைப் படிக்க முடிகிறதா, எழுத முடிகிறதா என்று சோதிக்கும். மூன்றும் தேறினால் ஒரு மின்னஞ்சல் வரும், தலைப்பு: ‘எல்லாம் சரி’. நாளாக ஆக யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. தலைப்பே போதும் என்று விட்டுவிட்டோம்.

திங்கட்கிழமை காலை

அறிக்கை வந்திருந்தது. தலைப்பு வரிகள் இருந்தன, உள்ளே ஒரு பதிவுகூட இல்லை. சனி, ஞாயிறு அறிக்கைகளைத் திறந்து பார்த்தால் அவையும் அப்படியே. விடுமுறை என்பதால் யாரும் கவனிக்கவில்லை. மூன்று இரவுகளும் ‘எல்லாம் சரி’ அஞ்சல் தவறாமல் வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை லினக்ஸின் மையப் பகுதியான கர்னலைப் புதுப்பித்து சர்வரை மறுதொடக்கம் செய்திருந்தோம். அதனால் சந்தேகம் முழுக்க கர்னல் மீதே போனது. அந்தத் திசையில் ஒன்றரை மணி நேரம் வீணானது. சேவையின் பதிவேட்டில் ‘படிக்க வேண்டிய கோப்பு எதுவும் இல்லை’ என்றுதான் இருந்தது. அது உண்மையே அல்ல. அடைவைத் திறக்கும்போது பிழை வந்திருக்கிறது. சேவையை எழுதியவர் அந்தப் பிழையைக் காலிப் பட்டியலாக எடுத்துக்கொள்ளும்படி விட்டிருந்தார். ‘முடியவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று மாற்றிச் சொல்லும் நிரலால் எவ்வளவு நேரம் போகும் என்பதை அன்று அனுபவித்தோம்.

உடன் வேலை செய்பவர்தான் முதலில் சரியான கேள்வியைக் கேட்டார்: “ரூட்டா பார்த்துட்டே இருக்கோமே, அந்தச் சேவையோட பயனரா ஒரு தடவை பார்த்தோமா?” பார்க்கவில்லை. ‘சூடோ’ வழியாக அந்தப் பயனராக மாறி அடைவைப் பட்டியலிட்டவுடன் அனுமதி மறுப்பு வந்தது. அடுத்து ‘ஐடி’ போட்டதில் ‘வரவு’ குழு பட்டியலிலேயே இல்லை. ‘வரவுசோதனை’ என்ற வேறொரு குழு மட்டும் இருந்தது.

பதினோரு நாட்களுக்கு முன்

‘வரவுசோதனை’ எப்படி வந்தது என்பதற்கு விடை ரூட்டின் ஷெல் வரலாற்றில் கிடைத்தது. பதினோரு நாட்களுக்கு முன், ஒரு சோதனை அடைவுக்காக அந்தக் குழுவை உருவாக்கி, சேவையின் பயனரை அதில் சேர்த்திருக்கிறோம். பயன்படுத்திய கட்டளை, பயனர் கணக்கை மாற்றும் ‘யூசர்மாட்’. பெரிய எழுத்து ‘ஜி’ விருப்பம் மட்டும் கொடுக்கப்பட்டிருந்தது, சிறிய ‘ஏ’ இல்லை. அந்த ‘ஏ’ இருந்தால்தான் ஏற்கனவே உள்ள குழுக்களோடு புதியது சேரும். இல்லையென்றால் கொடுத்த பட்டியலே முழுப் பட்டியல், பழைய துணைக்குழுக்கள் எல்லாம் போய்விடும். எச்சரிக்கை வராது, பிழையும் வராது.

அந்தக் கட்டளையை ஓட்டியவர் கவனமில்லாதவர் அல்ல. மறுநாள் காலை அறிக்கை ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். வந்திருந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. இப்படி ஒரு வாரத்துக்கு மேல்.

அது எப்படி? ஒரு செயலுக்கு (ஓடும் நிரலுக்கு) குழுப் பட்டியல் கிடைப்பது அது தொடங்கும் நேரத்தில். பயனர் உள்நுழையும்போதோ, சேவை கிளம்பும்போதோ, குழுக்களின் தரவைப் படித்து அந்தப் பட்டியல் செயலோடு ஒட்டப்படும். அதிலிருந்து பிறக்கும் செயல்கள் அதையே வாரிசாகப் பெறும். பிறகு கோப்பில் என்ன மாற்றினாலும் ஓடிக்கொண்டிருக்கும் செயலைத் தொடாது. எங்கள் சேவை பல மாதங்களாக நிறுத்தப்படாமல் ஓடியது. அதன் நினைவகத்தில் ‘வரவு’ உறுப்புரிமை இருந்தது, கோப்பில் இல்லை. வெள்ளிக்கிழமை சர்வர் எழுந்தபோது சேவையும் புதிதாகக் கிளம்பியது, புதிய பட்டியலோடு.

ஆக, கர்னல் புதுப்பிப்புக்கு இதில் பங்கே இல்லை. மறுதொடக்கத்துக்கு மட்டும் உண்டு.

பதினோரு இரவுகள் ஸ்கிரிப்ட் ஏன் பேசவில்லை

எனக்கு யூசர்மாட் தவறைவிட இந்தக் கேள்விதான் உறுத்தியது. கையால் செய்யும் தவறு யாருக்கும் நேரும், அதைப் பிடிக்கத்தானே ஸ்கிரிப்ட்.

முதல் சோதனை, அடைவின் அனுமதி. அது உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது, ஸ்கிரிப்ட் சொன்னதில் பிழையில்லை. கெட்டிருந்தது பயனரின் பக்கம்.

இரண்டாவது சோதனை, குழுப் பெயரைத் தேடுவது. இங்கே ‘கிரெப்’ வெறும் எழுத்துத் தொடராகத் தேடியது. ‘வரவு’ என்று தேடினால் ‘வரவுசோதனை’ என்ற வரியும் பொருந்தும். ‘வரவு’ குழு போய்விட்டது, ஆனால் அதன் பெயரைத் தனக்குள் கொண்ட இன்னொன்று அதே நிமிடத்தில் உள்ளே வந்துவிட்டது. வேறு எந்தப் பெயர் வைத்திருந்தாலும் அன்று இரவே ஸ்கிரிப்ட் கத்தியிருக்கும்.

மூன்றாவதுதான் மோசமானது. ஸ்கிரிப்ட் ரூட்டாக ஓடியது. படிக்க முடியுமா, எழுத முடியுமா என்று ‘டெஸ்ட்’ கேட்டால், கேட்பவர் யாரோ அவருக்குத்தான் பதில் வரும். ரூட்டுக்கு அனுமதி பிட்டுகள் தடையே இல்லை, 000 என்று வைத்தாலும் படிக்கும். (இயக்கும் அனுமதியில் மட்டும் ஒரு சின்ன வரம்பு: சாதாரணக் கோப்பை ரூட் இயக்க வேண்டுமானால் எங்கேனும் ஓர் ‘எக்ஸ்’ பிட்டாவது இருக்க வேண்டும்.) அதாவது இந்தச் சோதனை எழுதப்பட்ட நாளிலிருந்து ஒரு முறைகூடத் தோல்வி காட்ட வாய்ப்பே இல்லாதது. அடைவு அழிந்துபோனாலோ, கோப்பு முறைமையே படிக்க மட்டும் என்று மாறினாலோ ஒழிய, அது ‘ஆம்’ என்றுதான் சொல்லும்.

சரிசெய்தது, மறுபடி சறுக்கியது

அவசரத்தில் ஒரு யோசனை வந்தது: “இப்போதைக்கு அடைவு முழுக்க 777 போட்டுடலாமா? அப்புறம் மெதுவா பார்த்துக்கலாம்.” வேண்டாம் என்று முடிவு செய்தோம். அந்த சர்வரில் கணக்கு வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் கோப்புகள் திறந்துவிடும் என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது வேறு: ஒவ்வொரு கோப்புக்கும் முன்பு என்ன அனுமதி இருந்தது என்ற பதிவு எங்களிடம் இல்லை. அனுமதியை மாற்றும் ‘சிஎச்மாட்’டை அடைவு முழுக்க ஓட்டிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. அந்த ‘அப்புறம்’ வராது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

யூசர்மாட்டை இம்முறை ‘ஏ’வோடு ஓட்டினோம். சூடோ வழியாகச் சேவையின் பயனராக டெஸ்ட் போட்டோம், தேறியது. பிரச்சினை தீர்ந்தது என்று பதிவுப் பிரிவுக்குச் சொல்லியும் விட்டோம். கால் மணி நேரம் கழித்து அறிக்கையை மறுபடி ஓட்டினால், மறுபடி காலி.

ஒரு வாரத்துக்கு மேல் எங்களைக் காப்பாற்றிய அதே விதி இப்போது எதிராக நின்றது. சூடோ ஒரு புதிய செயலைத் தொடங்கும்போது குழுக்களைப் புதிதாகப் படித்துக்கொள்ளும். அதனால் எங்கள் சோதனை தேறியது. ஓடிக்கொண்டிருந்த சேவையோ வெள்ளிக்கிழமை வாங்கிய பட்டியலோடுதான் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்பு நாங்களே விளக்கிக்கொண்ட விஷயம், கைக்கு வரும்போது மறந்துவிட்டது.

சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் அது பழைய கோப்புகளைச் சுருக்கிக் காப்பகத்தில் வைக்கும் வேலையின் நடுவில் இருந்தது. பாதியில் நிறுத்தினால் என்ன மிஞ்சும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அறிக்கை இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாவது தாங்கக்கூடியது என்று பதிவுப் பிரிவே சொன்னதால் காத்திருந்தோம். வேலை முடிந்ததும் மறுதொடக்கம், பிறகு செயலின் பட்டியலை நேரடியாகப் பார்த்தோம். ‘ப்ராக்’ அடைவில் ஒவ்வொரு செயலின் எண்ணுக்கும் ‘ஸ்டேட்டஸ்’ என்ற ஒரு கோப்பு உண்டு. அதில் ‘குரூப்ஸ்’ என்று தொடங்கும் வரிதான் அந்தச் செயலிடம் உண்மையில் இருக்கும் துணைக்குழுக்கள், எண்களாக. ‘வரவு’ குழுவின் எண் அங்கே இருந்தது. மாலைக்குள் மூன்று நாள் அறிக்கைகளும் வந்துவிட்டன.

புதிய ஸ்கிரிப்ட்

பழையதைத் திருத்துவதா, புதிதாக எழுதுவதா என்று பேசி, புதிதாகவே எழுதினோம். முதலில் எடுத்த முடிவு, அது எதையும் திருத்தக் கூடாது, பார்த்துச் சொல்ல மட்டும் வேண்டும். ரூட்டாக ஓடிக்கொண்டு தானே அனுமதிகளை மாற்றும் ஸ்கிரிப்டில் ஒரு மாறி காலியாகப் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாலே போதும்.

உறுப்புரிமையைச் சரிபார்க்க, ‘ஐடி’யிடம் பெயர்களுக்குப் பதில் குழு எண்களைக் கேட்டு, ஒரு வரிக்கு ஒன்றாகப் பிரித்து, கிரெப்பிடம் வரி முழுவதும் அச்சாகப் பொருந்த வேண்டும் என்று சொல்லும் ‘எக்ஸ்’ விருப்பத்தைக் கொடுத்தோம். அதிலும் அந்த எக்ஸ் இல்லாவிட்டால் 100 என்று தேடும்போது 1001 பொருந்தும், எனவே எண்ணுக்கு மாறியது மட்டும் போதாது. ‘கெட்என்ட்’ கட்டளையில் குழுவின் உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பார்க்கலாமே என்று ஒரு யோசனையும் இருந்தது. அந்தப் பட்டியலில் துணை உறுப்பினர்கள்தான் இருப்பார்கள். அந்தக் குழுவையே முதன்மைக் குழுவாகக் கொண்டவரின் பெயர் பொதுவாக அதில் இருக்காது, அது பயனரின் பதிவில்தான் இருக்கும். அதனால் கைவிட்டோம்.

அணுக முடியுமா என்ற கேள்விக்கு, இலக்கங்களை நாங்களே கணக்குப் போட்டுப் பார்க்காமல், ஒவ்வொரு பயனராகவும் மாறி கர்னலிடமே கேட்பது என்று வைத்தோம். கணக்கில் வழுக்கும் இடங்கள் அதிகம். உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூன்றில் முதலில் பொருந்துவது மட்டுமே செல்லும். 070 என்று இருக்கும் கோப்பின் உரிமையாளர், அதே குழுவில் உறுப்பினராக இருந்தாலும் அதைத் திறக்க முடியாது, உரிமையாளர் என்ற அடையாளத்திலேயே விசாரணை முடிந்துவிடும். தவிர, கோப்பு சரியாக இருந்தாலும் அதற்கு மேலுள்ள ஏதோ ஓர் அடைவில் எக்ஸ் பிட் இல்லையென்றால் உள்ளே போகவே முடியாது. மறுப்பு வந்தால் ‘நேம்ஐ’ கட்டளையின் நீள வெளியீட்டை அஞ்சலில் சேர்த்துவிடுகிறோம். பாதையின் ஒவ்வொரு படியின் அனுமதியும் வரிசையாக இருப்பதால், எந்தப் படியில் அடைபட்டிருக்கிறது என்று பார்த்ததும் தெரிகிறது.

மூன்றாவது பகுதி, ஓடும் செயல்கள். கண்காணிக்கும் பயனர்களின் பெயரில் ஓடும் ஒவ்வொரு செயலின் குரூப்ஸ் வரியையும், ஐடி தரும் பட்டியலையும் வரிசைப்படுத்தி ஒப்பிடுகிறோம். சுற்றி வருவதற்குள் சில செயல்கள் முடிந்துபோய் அவற்றின் கோப்பும் மறைந்துவிடும். அந்த ஒரு பிழையை மட்டும் கண்டுகொள்வதில்லை.

கோப்புகளைத் தேட ‘ஃபைண்ட்’ கட்டளை. அனுமதியைத் தேடும் அதன் விருப்பம் மூன்று விதமாக இயங்கும். எண்ணை வெறுமனே கொடுத்தால் அச்சாக அதே அனுமதி, முன்னால் கழித்தல் குறி போட்டால் அந்த பிட்டுகள் அத்தனையும், சாய்கோடு போட்டால் அவற்றில் ஏதேனும் ஒன்று. மற்றவர்களுக்கு எதுவும் திறந்திருக்கக் கூடாது என்று தேட சாய்கோட்டோடு 007 வேண்டும். முதல் வரைவில் நான் கழித்தல் குறி போட்டிருந்தேன். அது மற்றவர்களுக்கு மூன்றும் திறந்த கோப்புகளை மட்டும் பிடித்து, 664 போன்றவற்றை விட்டுவிட்டது. கோப்புப் பெயர்களில் இடைவெளி இருக்கும் என்பதால் பட்டியலைப் பூஜ்ய பைட்டால் பிரித்துத்தான் படிக்கிறோம்.

முதல் ஓட்டத்தில் கிடைத்தவை

பட்டியல் நீளமாக வந்தது. பெரும்பாலானவை ஒரே காரணம். பதிவுப் பிரிவினர் சிலர் கோப்பைத் தங்கள் அடைவில் தயாரித்து, ‘எம்வி’யால் நகர்த்தியிருந்தார்கள். ஒரே கோப்பு முறைமைக்குள் எம்வி என்பது பெயர் மாற்றம்தான், பழைய குழுவும் அனுமதியும் கூடவே வரும். அடைவில் 2 என்ற பிட் இருந்தாலும் பயனில்லை, அது புதிதாக உருவாகும் கோப்புக்குத்தான். நகலெடுக்கும் ‘சிபி’ புதிய கோப்பை உருவாக்குவதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. அப்படி உருவானவற்றிலும் யூமாஸ்க் (புதிய கோப்பில் எந்த அனுமதிகளை விலக்க வேண்டும் என்ற அமைப்பு) 022 ஆக இருந்தவர்களின் கோப்புகளுக்குக் குழுவின் எழுதும் அனுமதி இல்லாமல் போயிருந்தது. நகலெடுத்துப் போடும் ஒரு சிறு கட்டளையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தோம். அடைவில் ஒரு இயல்புநிலை ஏசிஎல்லும் (பயனர், குழு வாரியாகத் தனித்தனி அனுமதி தரும் பட்டியல்) வைத்தோம். அது இருந்தால் அங்கே புதிதாக உருவாகும் கோப்புகளுக்கு யூமாஸ்க் பொருந்தாது.

ஏசிஎல் வந்ததும் எங்கள் ஸ்கிரிப்டே ஓர் இடத்தில் ஏமாந்தது. ஏசிஎல் உள்ள கோப்பில், விவரம் தரும் ‘ஸ்டாட்’ கட்டளை காட்டும் அனுமதியின் நடு இலக்கம் குழுவின் அனுமதி அல்ல, ‘மாஸ்க்’ எனப்படும் உச்சவரம்பு. ஒரு துணை அடைவில் இலக்கம் 7 என்று இருந்தது, ஆனால் குழுவுக்கு உண்மையில் எழுதும் அனுமதி இல்லை. பயனராக மாறிக் கேட்ட சோதனை சரியாகச் சொன்னது, இலக்கத்தைப் படித்த சோதனை தவறாகச் சொன்னது. இப்போது ஏசிஎல் உள்ள இடங்களில், அதைக் காட்டும் ‘கெட்எஃப்ஏசிஎல்’ கட்டளையின் வெளியீட்டைத்தான் ஒப்பிடுகிறோம்.

இன்னொரு கண்டுபிடிப்பு நாங்கள் தேடாதது. ஐந்து வாரங்களுக்கு முன் வேறு பிரிவுக்கு மாறிய ஒருவரை ‘வரவு’ குழுவிலிருந்து நீக்கியிருந்தோம். ஐடி கேட்டால் அவர் அதில் இல்லை. ஆனால் அவருடைய ‘டிமக்ஸ்’ அமர்வு (இணைப்பை விட்டாலும் பின்னணியில் தொடரும் முனைய அமர்வு) ஒன்று மூடாமல் ஓடிக்கொண்டிருந்தது, அதன் குரூப்ஸ் வரியில் ‘வரவு’ இருந்தது. அவர் நினைத்திருந்தால் அத்தனை கோப்பையும் படித்திருக்கலாம். அவருக்கே அது தெரியாது, சொன்னதும் மூடிவிட்டார். பழைய முறையில் எத்தனை ஆண்டுகள் பார்த்திருந்தாலும் இது தெரியவந்திருக்காது.

மாற்றியவையும் மாற்றாதவையும்

வெற்றி அஞ்சலில் இப்போது எத்தனை பயனர், எத்தனை அடைவு, எத்தனை செயல் பார்க்கப்பட்டன என்ற எண்கள் தலைப்பிலேயே வருகின்றன. எண் சட்டென்று குறைந்தால் கண்ணில் படும். கூடவே ஓர் எதிர்ச்சோதனை: சேவையின் பயனர் கட்டாயம் திறக்க முடியாத ஓர் அடைவை வைத்திருக்கிறோம். ‘திறக்க முடிகிறது’ என்று பதில் வந்தால் சோதனையே கெட்டுவிட்டது என்று பொருள். பழைய ஸ்கிரிப்டில் இது இருந்திருந்தால், ரூட்டாகக் கேட்கும் கோளாறு முதல் இரவிலேயே வெளிப்பட்டிருக்கும்.

குழுவில் சேர்க்க யூசர்மாட்டை விட்டு ‘ஜிபாஸ்டபிள்யூடி’க்கு மாறினோம். அதன் சேர்க்கும் விருப்பம் ஒருவரை ஒரு குழுவில் சேர்க்கும், மற்ற குழுக்களைத் தொடாது. ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கினால், அவருடைய ஓடும் அமர்வுகளை முன்னறிவிப்போடு முடிப்பதும் வேலைப் பட்டியலில் சேர்ந்தது. சேவையை எழுதியவர், அடைவைத் திறக்க முடியாவிட்டால் பிழைக் குறியோடு நிற்கும்படி அதை மாற்றிக் கொடுத்தார்.

ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது. அனுமதி சோதிக்கப்படுவது கோப்பைத் திறக்கும் கணத்தில்தான். ஏற்கனவே திறந்து வைத்திருக்கும் செயல், பிறகு அனுமதியை எடுத்தாலும் தொடர்ந்து படிக்கும். ஸ்கிரிப்ட் அதைப் பார்ப்பதில்லை. தேவைப்படும்போது கையால் பார்க்கிறோம்.

புதிய ஸ்கிரிப்ட் இதுவரை இரண்டு முறை உண்மையான எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. இரண்டுமே, குழுவில் சேர்த்துவிட்டுச் சேவையை மறுதொடக்கம் செய்ய மறந்தவை. இரண்டாவது முறை மறந்தது நான்.